கால் நகம் யார் பொறுப்பு?

மார்ஸ்பி
9 செப்டம்பர் 2013

அன்புத் தம்பி நெவிலுக்கு அக்கா ஹெஸ்டர் எழுதுறேன். இங்கே எல்லாம் நல்லபடி. அங்கே நீ, ரோசலிண்ட், உன் இடுப்பு வலி மூணு பேரும் சௌக்கியமா?

என்னடா இது, அக்காவுக்குத் திடீர்னு கடிதம் எழுதுற கிறுக்குன்னு நினைக்காதே. உங்க மாவட்டக் கவுன்சிலும் எங்க டாக்டர்கள் குழுவும் சேர்ந்து நடத்துற கூட்டுக் கமிட்டிக்கு நீ செயலாளர் ஆனதும், கமிட்டி விஷயத்தைச் சொந்தக்காரங்க போனிலோ ஈமெயிலிலோ பேசக்கூடாதுன்னு எனக்கு ஒரு தாள் அனுப்பினியே, அதை மூணு தடவை படிச்சேன். தபாலைப் பத்தி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஒட்டினேன் ஸ்டாம்பை.

விஷயம் இதுதான். எங்க ஊர் சர்ச் ஹாலில் வியாழக்கிழமை தோறும் நர்ஸ் ஃபிலிப்பா நடத்துற கால் கிளினிக் உனக்குத் தெரியும். குனிய முடியாதவங்களுக்கு அவ நகம் வெட்டி விடுவா, அவ்வளவுதான். பதினோரு வருஷமா நடக்குது. இந்த ஏப்ரலில் நம்ம சுகாதாரத்தை ரெண்டா வெட்டினாங்க இல்ல, நோய் வராம தடுக்கிறது உங்க கவுன்சில், வந்த நோயைப் பார்க்கிறது எங்க டாக்டர்கள்னு, அதில் கால் நகம் எந்தப் பக்கம் விழுந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நகம் வளர்றது நோயே இல்லைங்கறாங்க எங்க டாக்டர்கள். நகம் வளர்றதை யாராலயும் தடுக்க முடியாதுங்குது உங்க கவுன்சில். ரெண்டும் சரிதான். ஆனா டிசம்பரோட கிளினிக்கை மூடப் போறாங்க.

பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன வில்ஃப் கார்சைடுக்கு எண்பத்தொரு வயசு. போன மாசம் ஃபிலிப்பா லீவில் இருந்தப்ப ரோஜாச் செடி வெட்டுற கத்தரியை எடுத்துக்கிட்டு உட்கார்ந்துட்டார் மனுஷன். நல்ல வேளை, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துப் பிடுங்கி வெச்சா. இருபது வருஷமா இந்த ஊர் டாக்டர் கிளினிக்குக்கு மேனேஜரா இருக்கேன், இந்த ஜனங்க கால் எனக்கு அத்துப்படி. ஏதாவது செய்டா.

ரோசலிண்டுக்கு என் அன்பைச் சொல்லு. பதில் போடு, தபாலில்.

உன் அக்கா
ஹெஸ்டர்


ஆல்டர்விக்
20 செப்டம்பர் 2013

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இடுப்பு வலி முன்பு போலவே உண்மையாக உழைக்கிறது. ரோசலிண்ட் பூனைக்கு அலர்ஜி மருந்து கொடுக்கிறாள். அலர்ஜி அவளுக்குத்தான், ஆனாலும் பூனைக்குத்தான் கொடுக்கிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுதவே இல்லையே.

உன் கடிதத்தை 'குடும்பம்' என்ற கோப்பில் வைத்திருக்கிறேன். இது ஒழுங்குமுறைக்கு உட்பட்டதா என்று மனசாட்சியைக் கேட்டேன். மனசாட்சி அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைத்துவிட்டது.

அக்கா, அவசரப்படாதே. கூட்டுச் செயல்பாடு என்பது ஒரே நாளில் நடப்பதல்ல. நகம் பற்றி ஒரு துணைக் குழு அமைத்திருக்கிறோம். அது இரண்டு முறை கூடியது. முதல் கூட்டத்தில் யார் தலைவர் என்று பேசினார்கள். இரண்டாவதில் முதல் கூட்டத்தின் குறிப்பைத் திருத்தினார்கள்.

விதிகள் கடுமையாகத்தான் இருக்கின்றன. போன வாரம் பல் செட் பற்றிய விவாதம். கவுன்சிலர் பிக்கரிங் எழுந்து, தன் மாமியார் பல் செட் கட்டியிருக்கிறார் என்று நேர்மையாக அறிவித்தார். சொந்தக்காரருக்கு லாபம் உள்ள விஷயம் பேசப்படும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. ஐம்பது நிமிடம் நடைபாதையில் நின்றார் பாவம். உள்ளே பல்லைப் பற்றி உருப்படியாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த விதி எனக்கும் பொருந்தும் என்பதால் ஒழுங்காக நடக்கிறேன். அக்டோபர் 17-ல் நகம் கமிட்டிக்கு வருகிறது.

அன்புத் தம்பி
நெவில்


மார்ஸ்பி
6 அக்டோபர் 2013

தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் உயிரோட இருக்கோம். உன் பூனைக்கும் என் விசாரிப்பு.

துணைக் குழு! ரெண்டு கூட்டம்! அதுக்குள்ள வில்ஃப் கார்சைடோட கட்டைவிரல் நகம் சாக்ஸைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்து உலகத்தைப் பார்த்துட்டுது. "ஹெஸ்டர், உன் தம்பி கமிட்டி முடிவு பண்றதுக்குள்ள நான் செத்தே போயிடுவேன், அப்புறம் வெட்டியானே வெட்டிக்கட்டும்"னு கிளினிக் வாசலில் நின்னு கத்துறார். அத்தனை பேர் முன்னாடி எனக்கு மானம் போச்சு. ஆனா சிரிப்பும் வந்துட்டுது.

ஃபிலிப்பா வேற ஊரில் வேலை தேட ஆரம்பிச்சுட்டா. அவ போனா திரும்ப வர மாட்டா. நீ அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவரைக்கும்தான் இந்தக் கிளினிக்குக்கு நாதி, அதை மறக்காதே.

அப்புறம், சும்மா ஒண்ணு கேட்கிறேன். அந்தப் பிக்கரிங் விதி மாமியாருக்கு மட்டும்தானா, கூடப் பிறந்தவங்களுக்கும் உண்டா?

என் உடம்பைக் கேட்டிருந்தே. உடம்புக்கென்ன, இருக்கு.

ஹெஸ்டர்


ஆல்டர்விக்
1 நவம்பர் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! இன்று எனக்கு இடுப்பு கூட வலிக்கவில்லை.

வெற்றி! ஏழு வரைவுகளுக்குப் பிறகு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. யோசனை அடியேனுடையது. இதுவரை கீழே விழாத முதியவருக்கு நகம் வெட்டினால் அது விழாமல் தடுப்பது. ஆகவே கவுன்சில் பொறுப்பு. ஏற்கெனவே விழுந்தவருக்கு வெட்டினால் அது சிகிச்சை; ஆகவே டாக்டர்கள் பொறுப்பு. இரண்டு பட்டியல், ஒரே கிளினிக், ஒரே படிவம், படிவத்தில் ஒரே கேள்வி: "கடந்த ஆறு மாதத்தில் கீழே விழுந்தீர்களா?" எங்கள் டைரக்டர் லட்லோவும் உங்கள் குழுத் தலைவர் டாக்டர் கில்கிறிஸ்டும் கை குலுக்கிக்கொண்டார்கள், கொஞ்சம் தள்ளி நின்றபடி.

திட்டத்துக்கு 'இணைந்த பாதம்' என்று பெயர். சின்னத்தில் ஒரு நீலப் பாதம், ஒரு பச்சைப் பாதம். எது முன்னால் இருப்பது என்று ஒரு வாரம் தகராறு. கடைசியில் இரண்டும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்புவது போல் வரைந்துவிட்டோம்.

ஒரு சின்ன வித்தியாசம். சிகிச்சை என்றால் பத்து நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்று டாக்டர்கள் தரப்பில் விதி. தடுப்புக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கள் பட்டியலில் பதினெட்டு வாரம் ஆகலாம். இதெல்லாம் நடைமுறையில் ஒரு பொருட்டே இல்லை. கிளினிக் மார்ச் கடைசி வரை நடக்கும். நீட்டிப்பதா என்று மார்ச் கூட்டத்தில் முடிவு செய்வோம்.

நீ கேட்டது: விதி கூடப் பிறந்தவர்களுக்கும் உண்டு. ஏன் கேட்டாய்?

பெருமையுடன்
நெவில்


மார்ஸ்பி
24 நவம்பர் 2013

மகா புத்திசாலித் தம்பிக்கு,

நீ நல்லா இருப்பே. ரோசலிண்டும் நல்லா இருப்பா. எங்க ஊர்தான் விழுந்துடுச்சு.

கேளு கதையை. முதல் நாள் ஃபாரம் கொடுத்தோம். ஓல்வென் பாஸ்க் அம்மா யோக்கியமா "இல்லை, நான் விழவில்லை"ன்னு எழுதினாங்க. தேதி மார்ச் இருபது. பின்னாடியே வந்த வில்ஃப் "ஆமாம், பேப்பர் எடுக்கப் போகும்போது"ன்னு எழுதினார். தேதி வர்ற வியாழன். ரெண்டு பேரும் ஒருத்தர் தாளை ஒருத்தர் எட்டிப் பார்த்தாங்க. அன்னிக்கு மத்தியானம் மீன் வறுவல் கடை வரிசையில் ஓல்வென் அம்மா வாயைத் திறந்தாங்க. மறுநாள் காலையில் ஊரே விழுந்திருந்தது.

குளியல் தொட்டியில் விழுந்தவங்க நாற்பது. பூனை தடுக்கி விழுந்தவங்க முப்பது, அதில் பாதிப் பேர் வீட்டில் பூனையே கிடையாது. ஒருத்தர் கடற்கரைச் சவாரிக் கழுதை மேலேர்ந்து விழுந்தாராம், கோடை முடிஞ்சு கழுதை அக்டோபரிலேயே கொட்டகைக்குப் போயாச்சு. ஓய்வுபெற்ற பாதிரியார் பிளென்கின் இருக்காரே, அவர் பொய் சொல்ல மாட்டார். என் மேஜைக்கு எதிரில் வந்தார், கைத்தடியைச் சுவரில் சாத்தினார், மெதுவா தரையில் உட்கார்ந்தார். "ஹெஸ்டர், நான் இப்போது கீழே இருக்கிறேன், நீயே சாட்சி"ன்னார். தூக்கி விட ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

ஃபிலிப்பாவுக்குக் கை ஓயல, ஆனா வேற ஊர் வேலைக்குப் போறதைப் பத்திப் பேச்சே எடுக்கல. கவுன்சில் லிஸ்டில் இப்போ பாக்கி ரெண்டே பேர். அவங்களை முன்னாடி கூப்பிடக் கூடாதான்னு உங்க ஆபீஸில் கேட்டேன். கொடுத்த தேதியை மாத்த வேற ஃபாரமாம், அந்த ஃபாரம் இன்னும் அச்சாகலையாம்.

உனக்குச் சொன்னா வருத்தப்படுவேன்னு பார்த்தேன். ஆனா சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதுடா.

அக்கா


ஆல்டர்விக்
12 டிசம்பர் 2013

அக்காவுக்கு,

இங்கே யாரும் சிரிக்கவில்லை. ரோசலிண்ட் நலம். எனக்குத் தூக்கம் போயிற்று.

போன வருடம் நவம்பரில் மார்ஸ்பியில் விழுந்தவர்கள் ஆறு பேர். இந்த வருடம் முந்நூற்று நாற்பத்தொன்று. மாவட்ட வரைபடத்தில் உங்கள் ஊரை மட்டும் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். லண்டனிலிருந்து கடிதம் வந்துவிட்டது. 'மார்ஸ்பியில் என்ன நடக்கிறது?' என்று டைரக்டர் லட்லோ என்னைப் பார்த்துக் கேட்கிறார், நான் போய் ஒவ்வொருவரையும் தள்ளிவிட்டது போல.

நடைபாதைக் கற்களை அளக்க ஒரு குழு வருகிறது. வடகடல் காற்றின் வேகம் காரணமாக இருக்கலாம் என்று ஒருவர் அறிக்கை கொடுத்திருக்கிறார். உடலைச் சமநிலையில் நிறுத்தப் பயிற்சி தர ஒரு நிபுணரை அனுப்புகிறோம்.

நான் எப்படிச் சொல்வேன், கேள்வியே தப்பு என்று? கேள்வி நான் எழுதியதாயிற்றே. சொன்னால் டாக்டர்கள், "பார்த்தீர்களா, எங்கள் தலையில் கட்டினீர்கள்" என்று ஒப்பந்தத்தையே கிழித்துப் போடுவார்கள். கிளினிக்கும் போகும், என் வேலையும் போகும்.

ஒரு வேண்டுகோள். உன் வாயால் யாரையும் 'ஆமாம்' என்று எழுதச் சொல்லாதே. என் அக்காவே ஊரைக் கெடுத்தாள் என்று ஒரு பேச்சு வரக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு ரோசலிண்டின் அப்பா வீட்டுக்குப் போகிறோம். நீ என்ன செய்யப் போகிறாய்?

நெவில்


மார்ஸ்பி
5 ஜனவரி 2014

தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு ஒழுங்கா விடியட்டும். கிறிஸ்துமஸை வீட்டில் நிம்மதியா உட்கார்ந்து கழிச்சேன். எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ, மடியில் வெச்சு எழுதுறேன்.

உங்க நிபுணர் வந்தாங்க. நல்ல பொண்ணு. சர்ச் ஹாலில் அறுபது பேர். "பயப்படாதீங்க, மெதுவா ஒரு காலைத் தூக்குங்க"ன்னா. அறுபது பேரும் தூக்கினாங்க. கொக்கு மாதிரி நிக்கிறாங்கடா! வில்ஃப் கண்ணை வேற மூடிக்கிட்டார். பாதிரியார் கால் மாத்தி நின்னு காட்டினார். அந்தப் பொண்ணு "ஒரே வகுப்பில் இவ்வளவு முன்னேற்றமா!"ன்னு எழுதிக்கிட்டுப் போயிருக்கா. உங்க கமிட்டிக்கு வரும், கண்ணாடி போட்டுப் படி.

நான் ஒரு ஓரமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கூட்டமா இருந்துச்சு.

யாரையும் நான் 'ஆமாம்' எழுதச் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. குனிய முடியாதவங்க கிட்ட விழுந்தியான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா மார்ச் கூட்டத்தில் நீ நல்லா பேசணும். வேற யாரும் இந்த ஊருக்காகப் பேச மாட்டாங்க.

வேற விசேஷம் இல்ல.

ஹெஸ்டர்


ஆல்டர்விக்
3 பிப்ரவரி 2014

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

பட்டியலைச் சரிபார்க்கக் கமிட்டி உத்தரவிட்டது. வேலை யார் தலையில்? என் தலையில். இதுவரை எனக்கு எண்கள்தான் வரும். முதல் முறையாகப் பெயர்களோடு வந்தது. எலும்பு முறிவு இல்லை, காயம் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை என்றால் அடித்துவிட வேண்டும். மூன்று நாளாகச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பூனைகளையும் கழுதையையும் அடித்துக்கொண்டே வந்தேன்.

கடைசிப் பக்கம். 'ஹெஸ்டர் கிராப்ட்ரீ, வயது 61, ஜனவரி 14, சமையலறையில்.'

நீயுமா அக்கா?

ஊரெல்லாம் எழுதட்டும், எனக்குக் கவலையில்லை. பள்ளிக்கூடத்தில் நான் காப்பி அடித்ததை அப்பாவிடம் சொல்லிக் கொடுத்தவள் நீ. பஸ்ஸில் வரிசை தாண்டியவனை இறக்கிவிட்டவள் நீ. உன்னிடம் ஒன்றே ஒன்றுதானே கேட்டேன். எனக்கு அவமானமாக இருக்கிறது. உன் பெயரை என் கையாலேயே அடித்துவிட்டேன்.

நெவில்


மார்ஸ்பி
10 பிப்ரவரி 2014

திரு. ஸ்டான்ஹோப் அவர்களுக்கு,

வணக்கம். நான் நர்ஸ் ஃபிலிப்பா டிரான்டர். நான் உங்களுக்கு எழுதக் கூடாது என்று உங்கள் அக்கா சொன்னார். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால் எழுதுகிறேன்.

அந்த வரியை எழுதியவள் நான், ஆஸ்பத்திரிச் சீட்டு கைக்கு வரும் முன்பே. அவர் நிஜமாகவே விழுந்தார். அந்த முந்நூற்று நாற்பத்தொன்றுக்குப் பிறகு இந்த ஊரில் உண்மையாக விழுந்தவர் அவர் ஒருவர்தான். கணுக்கால் உடைந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டில், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்தபடி இருக்கிறார்.

இரண்டு வருடமாக அவருக்கு இடுப்பு மடங்காது, குனிய முடியாது. நான்தான் வெட்டி வந்தேன். நவம்பரில் ஃபாரம் வந்ததும் 'இல்லை' என்று எழுதினார். கவுன்சில் பட்டியலில் பாக்கி இருந்த இருவரில் அவர் ஒருவர். இன்னொருவர் ஓல்வென் பாஸ்க். "மேடம், பத்து நிமிஷ வேலை, மேஜைக்குப் பின்னாடி உட்காருங்க, யாருக்கும் தெரியாது" என்று எத்தனை முறை கெஞ்சினேன். "லிஸ்ட்னா லிஸ்ட்தான் ஃபிலிப்பா" என்றார். நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் பிடித்தது. நொண்டி நொண்டி நடந்தார். டீத் தண்ணீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அந்தக் கால் ஊன்றவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.

சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு ஒரு முறை வந்து பாருங்கள்.

இப்படிக்கு
ஃபிலிப்பா டிரான்டர்


மார்ஸ்பி
24 பிப்ரவரி 2014

தம்பி நெவிலுக்கு,

சனிக்கிழமை நீ வந்துட்டுப் போனது சந்தோஷம். ரெண்டு மணி நேரம் மழையைப் பத்தியும் திராட்சையைப் பத்தியும் பேசினே. திராட்சை முழுக்க நீயே தின்னே. என் காலைப் பார்க்கிறதும் ஜன்னலைப் பார்க்கிறதுமா இருந்தே. வாசலுக்குப் போய், "ஏன்க்கா சொல்லல?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம ஓடிட்டே. அழுதியாடா?

பதில் இதோ. நீதானே எழுதினே, சொந்தக்காரருக்கு லாபம்னா வெளியே போகணும்னு. கூடப் பிறந்தவங்களுக்கும் உண்டுன்னு. நானும் அந்த லிஸ்டில் இருக்கேன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீ மறுநாளே கமிட்டியில் அறிவிச்சிருப்பே. நீ அப்படிப்பட்ட ஆள். நகம்னு யாராவது வாயெடுத்தா நீ நடைபாதையில் நின்னிருப்பே. உள்ளே இருக்கிற பதினாலு பேரில் மார்ஸ்பி எந்தத் திசையில் இருக்குன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். என் ஒருத்தி காலுக்காக இத்தனை பேர் காலை நான் விட முடியுமா? மார்ச் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம்னு பார்த்தேன். கெண்டி விடல.

'ஆமாம்'னு எழுதியிருக்கலாம்னு ஃபிலிப்பா திட்டுறா. என் தம்பி எழுதின கேள்விக்கு நான் எப்படிடா பொய் எழுதுவேன்?

நீ என் பேரை அடிச்சது வலிச்சுது, ஒளிக்கல. கணுக்காலை விட வலிச்சுது. இப்போ சரியாயிடுச்சு.

இப்போ உனக்குத் தெரிஞ்சு போச்சு, நீ சொல்லித்தான் ஆகணும். மார்ச் பதிமூணாம் தேதிக் கூட்டத்தில் என்ன செய்யப் போறே?

அக்கா


ஆல்டர்விக்
14 மார்ச் 2014

என் அருமை அக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது? விரல்? எதையும் மறைக்காமல் எழுது. இனி நீ 'நல்லா இருக்கேன்' என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நகம் பற்றிய பேச்சு தொடங்கியதும் எழுந்தேன். "என் அக்கா இந்தப் பட்டியலில் இருக்கிறார். உண்மை எழுதியதற்காகக் காத்திருந்து காலை உடைத்துக்கொண்டார். முந்நூற்று நாற்பத்தொரு பேரும் விழவில்லை, நான் எழுதிய கேள்விதான் விழுந்தது. விதிப்படி இப்போது வெளியே போகிறேன். போகும் முன் ஒரே வேண்டுகோள். எல்லோரும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றுங்கள். உட்கார்ந்தபடியே உங்கள் கால் கட்டைவிரலைப் பிடித்து, நகம் வெட்டுவது போல் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்" என்றேன். சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை போனது என்றே நினைத்தேன்.

நடைபாதையில் பிக்கரிங் பின்னாலேயே வந்து நின்றார். "உங்களுக்கென்ன?" என்றேன். "என் மாமியாருக்குக் காலும் இருக்கே" என்றார்.

உள்ளே முதலில் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம். பிறகு ஒரு ஷூ விழும் சத்தம். இன்னொன்று. பிறகு அக்கா, இருபத்து நான்கு ஷூவும் விழுந்தன. முனகல், மூச்சு வாங்கல், "ஐயோ முதுகு!" என்று ஒரு குரல். அப்புறம் தடால் என்று ஒரு சத்தம், கட்டிடமே அதிர்ந்தது.

என் இடத்தில் குறிப்பெடுக்க உட்கார வைத்திருந்த டாஃப்னே பிறகு சொன்னாள். டைரக்டர் லட்லோ எட்டி எட்டி விரலைத் தொட்டே விட்டார், தொட்ட வேகத்தில் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். டாக்டர் கில்கிறிஸ்ட்தான் ஓடிப் போய்த் தூக்கியவர், வெறுங்காலோடு. "லட்லோ, விழுந்துட்டீங்க, இனி நீங்க எங்க லிஸ்ட்" என்றாராம். கில்கிறிஸ்டுக்கும் விரல் எட்டவில்லை என்று லட்லோ தரையில் இருந்தபடியே சொன்னாராம். கவுன்சிலும் டாக்டர்களும் சேர்ந்து செய்த முதல் வேலை அவரை எழுப்பி உட்கார வைத்ததுதான்.

கால் மணி நேரத்தில் முடிவு. இனி ஒரே பட்டியல். செலவு ஆளுக்குப் பாதி. கிளினிக் மூன்று வருடத்துக்கு உறுதி. படிவத்தில் ஒரே கேள்வி: "உங்கள் கை உங்கள் காலுக்கு எட்டுகிறதா?" என் வேலையும் இருக்கிறது. கூட்டக் குறிப்பில் 'ஒரு உறுப்பினர் சிறிது நேரம் தரைமட்டத்திலிருந்து பங்கேற்றார்' என்று எழுதியிருக்கிறேன்.

அக்கா, அந்தக் கேள்வியை எழுதும்போது எனக்கு ஊர் தெரியவில்லை, எண்தான் தெரிந்தது. உன்னை நம்பாமல் போனேனே. மன்னித்துவிடு.

உன் தம்பி
நெவில்


மார்ஸ்பி
24 ஏப்ரல் 2014

தம்பிக்கு,

ரோசலிண்ட், பூனை, லட்லோவோட முதுகு எல்லாம் தேறி வருதுன்னு நம்புறேன். உன் கடிதத்தை வில்ஃபுக்கும் பாதிரியாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். 'தடால்' வந்த இடத்தை மூணு தடவை வாசிக்கச் சொன்னாங்க. ஒழுங்குமுறைக்கு விரோதம்தான், என்ன பண்றது.

மன்னிப்பெல்லாம் எதுக்குடா? அறிவு கெட்டவனே, நீ என் தம்பி.

மறைக்காம எழுதச் சொன்னே, எழுதுறேன். விரல் பத்தும் பத்திரம். கட்டுப் பிரிச்சு மூணு வாரம் ஆச்சு. இன்னிக்கு வியாழக்கிழமை. வரிசையில் எனக்குப் பதினாலாவது இடம், உட்கார்ந்து காத்திருந்து போனேன். ஃபிலிப்பா என் காலை மடியில் வெச்சுக்கிட்டு பத்து நகத்தையும் வெட்டினா. வெட்டி முடிச்சதும் ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

நவம்பரிலேர்ந்து நான் ஷூ போடல நெவில். செத்துப் போன உன் அத்தானோட வீட்டுச் செருப்பை, அவருக்குப் பெரிய கால் இல்ல, அதை மாட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போய் வந்தேன். மேஜைக்கு அடியில் யாருக்குத் தெரியும்? இன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் என் பழுப்பு ஷூவை எடுத்துத் துடைச்சேன். போட்டேன். ரெண்டு காலும் உள்ளே போச்சு. கதவைத் திறந்து தெருக் கோடி வரைக்கும் நடந்துட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை நீ கார்ல வராதே. ரெண்டு பத்து ரயிலில் வா. உன்னைக் கூப்பிட ஸ்டேஷனுக்கு நான் நடந்து வரேன்.

ஹெஸ்டர்